குருந்தம் முதல் கார் மெருகு வரை

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே சென்றால் தச்சநல்லூர் வருகிறது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று, அங்குள்ள வீட்டு முற்றங்களில் நிற்கும் கார்களின் மீது ஒரே இரவில் புழுதியைப் படிய வைத்துவிடும். காலையில் உரிமையாளர் ஓர் உலர்ந்த துணியை எடுத்து வந்து வண்டியைத் துடைப்பார். கார் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் ஓரிரு ஆண்டுகளில் அதே கார் ஒளி மங்கி, வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை பின்னியது போன்ற நுண்கோடுகளுடன் காட்சியளிக்கும். நாள்தோறும் துடைத்த கார் ஏன் மங்கியது?

இக்கேள்விக்கு விடை காண, மெருகு என்பது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மெருகின் வரலாறு நெடியது. அவ்வரலாற்றின் நடுவே ஒரு தமிழ்ச்சொல் நிற்கிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பளபளப்பு என்பது பொருளின் மீது பூசப்படும் ஒன்று எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பரப்பின் வடிவத்தைப் பொறுத்தது. பரப்பு சமமாக இருந்தால், அதன்மீது விழும் ஒளிக்கதிர்கள் ஒழுங்காக ஒரே திசையில் திரும்புகின்றன. அதில் நம் முகம் தெரிகிறது. பரப்பில் மேடுபள்ளங்கள் இருந்தால் கதிர்கள் பல திசைகளிலும் சிதறுகின்றன. பரப்பு மங்கலாகத் தெரிகிறது.

எவ்வளவு சிறிய மேடுபள்ளம் நம் கண்ணை ஏமாற்றும்? இதற்கு ஒளியின் அலைநீளமே அளவுகோல். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேடுபள்ளங்கள் இந்த அலைநீளத்தைவிட மிகச் சிறியவையானால், ஒளி அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

1704-ஆம் ஆண்டில் வெளியான தமது ஒளியியல் நூலில் நியூட்டன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கண்ணாடியை மணலாலும் நுண்பொடிகளாலும் தேய்க்கும்போது கீறல்கள் மறைவதில்லை. அவை நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை ஆகிவிடுகின்றன என்பது அவர் கருத்து. அதாவது, மெருகிடுதல் என்பது பெரிய கீறல்களை அழித்து, அவற்றின் இடத்தில் சிறிய கீறல்களை இடுவதாகும். கரடான பொடியில் தொடங்கி, நுண்ணிய பொடியில் முடிப்பதே அதன் முறை.

ஆதிச்சநல்லூர்க் குயவரின் வழி

மெருகேற்ற இன்னொரு வழியும் உண்டு. அதன் சான்று தாமிரபரணிக் கரையிலேயே கிடைத்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஆற்றோடு கிழக்கே சென்றால், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூர் உள்ளது. 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அங்குள்ள புதைமேட்டை முதன்முதலில் தோண்டினார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவான அகழாய்வு நடத்தினார். முதுமக்கள் தாழிகளுடன், இரும்புக் காலத்தைச் சேர்ந்த கருப்பு-சிவப்பு மட்கலங்களும் வெளிவந்தன.

இவ்வகை மட்கலங்களின் வழவழப்புக்கு எந்தப் பூச்சுக் கண்ணாடியும் காரணமன்று. வனைந்த கலம் பாதி உலர்ந்த நிலையில், அதன் மேற்பரப்பை வழவழப்பான கூழாங்கல் போன்ற ஒன்றால் அழுத்தித் தேய்ப்பார்கள். மண்ணின் நுண்துகள்கள் அழுந்திப் படிந்து சமமாகின்றன. பின்னர் சூளையில் இட்டால் அந்த மினுமினுப்பு நிலைத்துவிடுகிறது. இங்கே எதுவும் அராவி எடுக்கப்படவில்லை. மேடு அழுத்தப்பட்டுப் பள்ளம் நிரம்புகிறது.

எனவே மெருகுக்கு இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று அழுத்துதல், மற்றொன்று அராவுதல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பி என்னும் வேதியியலறிஞர், உலோகத்தை மெருகிடும்போதும் மேற்பரப்பு குழம்புபோல் நகர்ந்து பள்ளங்களை நிரப்புகிறது என்று கருதினார். பிற்கால ஆய்வுகள், உராய்பொடி கொண்டு மெருகிடும்போது நடப்பது பெரும்பாலும் நுண்ணிய வெட்டுதலே எனக் காட்டின. கார் மெருகு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அராவுவதற்குக் கடினமான பொடி வேண்டும். அப்பொடியின் கதையில்தான் நம் தமிழ்ச்சொல் வருகிறது.

உலகம் ஏற்றுக்கொண்ட சொல்

அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து இயற்கையில் படிகமாக உருவாகும் கனிமத்திற்குக் குருந்தம் என்று பெயர். சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளின் பழம்பாறைகளில் அது கிடைக்கிறது. சிறிதளவு குரோமியம் கலந்து சிவந்தால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்து நீலமானால் அதுவே நீலக்கல். நிறமும் தெளிவும் இல்லாத சாதாரணக் குருந்தம் நகைக்கு உதவாது. ஆனால் வைரத்திற்கு அடுத்தபடியாகக் கடினமான இயற்கைக் கனிமங்களில் அது முதன்மையானது. 1812-இல் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்திற்கு எண் 10, குருந்தத்திற்கு எண் 9.

நம் நாட்டுச் சாணைக்காரர்கள் இதன் பயனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய அரக்கில் கலந்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தனர். வாளும் கத்தியும் அதில் தீட்டப்பட்டன. மணிகள் அதில் பட்டை தீட்டப்பட்டன. தேய்ப்பதற்குக் குருந்தம், பிடித்து வைப்பதற்கு அரக்கு. இன்றைய சாணைச் சக்கரங்களும் இதே அமைப்பை உடையவையே. பிணைப்பு மட்டும் செயற்கைப் பிசினாகவும் சுட்ட களிமண்ணாகவும் மாறியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கல் ஐரோப்பிய அறிஞர்களின் கைக்கு எட்டியது. அந்நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆங்கிலேயரான ஜான் உட்வர்டு இதன் பெயரை ஏறத்தாழ நம் ஒலியிலேயே பதிவு செய்திருந்தார். 1798-இல் சார்லஸ் கிரெவில் என்பவர் இலண்டன் ராயல் சங்கத்தின் இதழில் இக்கல்லைப் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டார். அதன்பின் ‘கொரண்டம்’ என்ற பெயர் கனிமவியலில் நிலைபெற்றுவிட்டது. உலகெங்கும் கனிமவியல் மாணவர் படிக்கும் அச்சொல், நம் குருந்தத்தின் திரிபே ஆகும்.

அச்சொல் அடுத்து இன்னொரு பெயருக்கும் தாயானது. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர், களிமண்ணையும் கல்கரியையும் ஓர் இரும்புக் கிண்ணத்தில் இட்டு, கார்பன் மின்முனை வழியாக வலிய மின்னோட்டம் செலுத்தினார். மின்முனையில் சில மின்னும் படிகங்கள் ஒட்டியிருந்தன. அவை கண்ணாடியை எளிதில் கீறின. கார்பனும் குருந்தமும் கலந்து உண்டான பொருள் என்று தவறாகக் கருதி, அதற்குக் ‘கார்பரண்டம்’ எனப் பெயரிட்டார். அது சிலிக்கன் கார்பைடு என்பது பின்னரே தெரிந்தது; பெயர் மட்டும் மாறவில்லை. 1954-இல் சென்னையில் கார்பரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தோன்றியபோது, தமிழகம் விட்டுச் சென்ற சொல் புதிய உருவில் தமிழகத்திற்கே திரும்பியது எனலாம்.

கார் வண்ணமும் வாட்டர் பேப்பரும்

இதற்கிடையே மோட்டார் வண்டிகள் வந்துவிட்டன. நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், 1911-இல் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கி, மறு ஆண்டு தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் ஓட்டினார். அக்காலத்து வண்டிகளுக்கு வண்ணம் பூசுவது குதிரை வண்டிக்குப் பூசுவது போன்றதே. எண்ணெய் வண்ணத்தையும் வார்னிஷையும் தூரிகையால் பல கோட்டிங் பூசி, ஒவ்வொன்றையும் உலரவிட்டுத் தேய்க்க வேண்டும். ஒரு வண்டி முடிய வாரக்கணக்கில் ஆகும்.

1920-களில் இந்நிலை மாறியது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து, நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளிலிருந்து ‘டூகோ’ என்ற விரைவில் உலரும் வண்ணத்தை உருவாக்கின. 1924-ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்டு கார்கள் நீல நிற டூகோவுடன் வெளிவந்தன. இவ்வண்ணத்தைத் துப்பாக்கி போன்ற கருவியால் தெளிக்கலாம். வாரங்கள் ஆன வேலை சில நாட்களில் முடிந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் இவ்வகை வண்ணத்தை ‘டூகோ பெயின்ட்’ என்றே சொல்வதைக் கேட்கலாம்.

ஆனால் டூகோவுக்கு ஒரு குறை இருந்தது. தெளித்தபடியே விட்டால் அது மங்கலாக இருக்கும். நுண்பொடி கலந்த பசையைத் தேய்த்துத்தான் ஒளி வரவழைக்க வேண்டும். ‘ரப்பிங் காம்பவுண்டு’ என்ற பசை கார்ப் பட்டறையின் அன்றாடப் பொருளானது இவ்வாறே. அதில் உள்ள பொடிகளுள் முக்கியமானது அலுமினியம் ஆக்சைடு. வேதியியல்படி அது குருந்தமேதான்.

1921-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம், பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்த நீர்புகா உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிலிக்கன் கார்பைடு மணிகளை நீரில் கரையாத பசையால் தாளில் ஒட்டியிருந்தனர். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்ப்பதால் தூசி பறப்பதில்லை. அக்காலத்து வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் கலந்திருந்ததால், இது தொழிலாளரின் உயிரைக் காக்கும் முன்னேற்றமாகவும் அமைந்தது. பெயின்டர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டு வாங்கும் கருந்தாள் இதன் வழிவந்ததே.

எத்தனை மைக்ரான் மீதம்?

இனி முற்றத்துக் காருக்கு வருவோம். இன்றைய கார்களில் நிற வண்ணத்தின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று உள்ளது. அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிமனைவிட அதிகமில்லை. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து அடியிலுள்ள நிறத்தைக் காப்பது இப்பூச்சே. ஒவ்வொரு முறை காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும்போதும் இதில் சில மைக்ரான்கள் போய்விடுகின்றன. போனது திரும்பி வராது.

உலர்ந்த துணியின் தீங்கும் இப்போது விளங்கும். தெருப்புழுதியில் மணல் துகள்கள் உள்ளன. மணலாகிய குவார்ட்சின் கடினத்தன்மை 7. வண்ணமோ அதைவிடப் பன்மடங்கு மென்மையானது. புழுதியோடு சேர்த்துத் துணியால் தேய்ப்பது, மிக நுண்ணிய வாட்டர் பேப்பரால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். நியூட்டன் சொன்ன வரிசையை நாம் தலைகீழாகச் செய்கிறோம்: சிறிய கீறல் இருந்த இடத்தில் பெரிய கீறலை இடுகிறோம்.

எனவே முதல் வேலை, தேய்க்காமல் புழுதியை நீக்குவது. நிழலில் வண்டியை நிறுத்தி, மேலிருந்து கீழாக நீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட வேண்டும். பின்னர் இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் வண்டி கழுவும் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர். அலசாமல் துணியை மீண்டும் சோப்பு நீரில் தோய்த்தால், மணல் திரும்பவும் வண்டிக்கே வந்து சேரும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டிய தேவையே இல்லை. நெல்லை, தூத்துக்குடி மக்களின் குடிநீருக்கும் வயலுக்கும் தாமிரபரணியே ஆதாரம் என்பதை நினைத்தால், இரண்டு வாளிக் கணக்கு காருக்கும் ஆற்றுக்கும் நல்லது. கிணற்று நீர் கடின நீரானால், உலரும் முன்பே மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையேல் சுண்ணாம்பு உப்புகள் வெண்புள்ளிகளாகத் தங்கிவிடும்.

கழுவிய பின்னும் கீறல் தெரிந்தால், அதன்மீது நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். நகம் தடுக்கினால் அக்கீறல் ஆழமானது. அதைத் தேய்த்து அகற்ற முயல்வது, ஒரு குழியை மறைக்கச் சுற்றிலுமுள்ள நிலம் முழுவதையும் வெட்டித் தாழ்த்துவது போலாகும். நகம் தடுக்காத மெல்லிய கோடுகளுக்கு மட்டும், கிடைப்பவற்றுள் நுண்ணிய மெருகுப் பசையைச் சிறிய இடத்தில் போட்டுச் சோதிக்கலாம். துணியில் காரின் நிறம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை வண்ணம் பூசிய பழைய வண்டிகளில் நிறம் ஏறுவது இயல்பு. தெளிபூச்சுள்ள வண்டியில் நிறம் ஏறினால், பூச்சு தீர்ந்துவிட்டது என்று பொருள்; உடனே நிறுத்திவிட வேண்டும்.

கடைசியில் போடும் மெழுகு அராவுவதில்லை. அது ஒரு மெல்லிய போர்வை. மழைநீர் அதன்மீது துளித்துளியாகத் திரண்டு நிற்கும்வரை மெழுகு இருக்கிறது என அறியலாம். போர்வை தேய்ந்தால் மறுபடியும் போர்த்தலாம். அடியிலுள்ள பூச்சு தேய்ந்தால் புதிதாக வண்ணம் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குரோமியத்தின் இரு முகங்கள்

பித்தளை விளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. சாம்பல் மெல்ல அராவுகிறது. முழுப் பித்தளையானதால் எத்தனை முறை தேய்த்தாலும் உள்ளேயும் பித்தளையே. தொடக்க காலக் கார்களின் விளக்குகளும் பித்தளையால் ஆனவை. அவற்றைத் துலக்குவது ஓட்டுநரின் ஓயாத வேலையாக இருந்தது.

அவ்வேலையை ஒழித்தது குரோமிய முலாம். 1797-இல் பிரெஞ்சு வேதியியலறிஞர் வாக்கலின் சைபீரியத் தாது ஒன்றில் கண்டறிந்த இவ்வுலோகம், 1920-களில் கோலின் ஃபிங்க் முதலியோரின் ஆய்வுகளால் மின்முலாம் பூசும் தொழிலுக்கு வந்தது. காற்றுப் பட்டவுடன் தன்மீதே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்வதால் அது மங்குவதில்லை. 1961 முதல் சென்னைக்கு அருகே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் ஆகிய வண்டிகளின் பழைய பம்பர்களில் மின்னியது இந்தக் குரோமியமே.

ஆனால் அந்த முலாம் வியப்பூட்டும் அளவு மெல்லியது. அடியில் 10 முதல் 20 மைக்ரானோ அதற்கு மேலோ நிக்கல் இருக்கும். மேலே குரோமியம் அரை மைக்ரான்கூட இருப்பது அரிது. கடினமானதுதான், எனினும் சாம்பலும் செங்கல் பொடியும் கொண்டு விளக்கைப் போலத் தேய்த்தால் நாளடைவில் நிக்கலின் மஞ்சள் சாயல் வெளிப்பட்டுவிடும். சோப்பு நீரும் மென்மையான துணியும் போதும். சிறு துருப்புள்ளிகளை, நீரில் நனைத்த மெல்லிய அலுமினியத் தாளால் தேய்த்து நீக்கலாம். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானதாகையால் முலாமைக் கீறுவதில்லை.

இந்த ஒளிக்கு வேறோர் இடத்தில் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. முலாம் தொட்டிகளில் நெடுங்காலம் பயன்பட்டது ஆறிணைதிறக் குரோமியம். அது புற்றுநோய் விளைவிப்பது என உறுதி செய்யப்பட்டுள்ளது. தோல் பதனிடுதல் முதலிய தொழில்களுக்காகக் குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று நம் இராணிப்பேட்டையில் இருந்தது. 1990-களில் மூடப்பட்ட அவ்வாலை விட்டுச் சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து குரோமியம் கசிந்து அப்பகுதியின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. காரில் இருப்பதோ தீங்கற்ற உலோகக் குரோமியம். அதைச் செய்யும் வழியில்தான் நஞ்சு இருந்தது.

கண்ணாடியும் கயிற்று மணலும்

முன்காலத்தில் தட்டைக் கண்ணாடியை வார்த்த பின், இரு புறமும் மணலால் தேய்த்து, இரும்பு ஆக்சைடான செம்பொடியால் மெருகிட்டனர். உருகிய வெள்ளீயத்தின் மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டால் இரு பரப்பும் தாமே சமமாகும் என்று இங்கிலாந்தின் அலஸ்டர் பில்கிங்டன் கண்டார். 1959-இல் அறிவிக்கப்பட்ட இம்முறை, மெருகிடும் வேலையையே நீக்கிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய ஆலையும் இம்முறையையே பின்பற்றுகிறது.

எனினும் புழுதி படிந்த கண்ணாடியில் வைப்பரை உலர ஓட்டினால் வில் வடிவக் கீறல்கள் விழுகின்றன. அவற்றை நீக்க இன்று பயன்படுவது சீரியம் ஆக்சைடு. இது கண்ணாடியைவிட மிகக் கடினமானதன்று. ஆனால் நீரின் முன்னிலையில் கண்ணாடியின் சிலிக்காவோடு வேதிமுறையில் பிணைந்து, அணுவளவில் அதைப் பெயர்த்தெடுக்கிறது. அராவுதலும் வேதிவினையும் இங்கே கைகோக்கின்றன.

சீரியத்தின் முக்கியத் தாதுக்களுள் ஒன்று மோனசைட்டு. 1909-இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மன் வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நார்ப் பொருளில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். அவ்வூர் 1956-இல் குமரி மாவட்டத்தோடு தமிழகத்தில் இணைந்தது. அங்கு இந்திய அருமண் நிறுவனத்தின் ஆலை உள்ளது.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று: ஓட்டுநரின் பார்வைக்கு நேரான இடத்தில் ஆழமான கீறலைத் தேய்க்கக் கூடாது. ஓரிடம் மட்டும் குழிந்தால் அது லென்ஸ் போலாகி, எதிரே வரும் வண்டியைத் திரித்துக் காட்டும். வைப்பர் ரப்பரை அவ்வப்போது ஈரத் துணியால் துடைப்பதே சிறந்த பராமரிப்பு.

மெருகின் கணக்கு

நெல்லை, தூத்துக்குடிக் கடற்கரைகளின் செம்மணலில் கார்னெட் என்னும் மற்றோர் உராய்கனிமம் உள்ளது. உலகச் சந்தையில் அதற்கு இருந்த விலையால் கரை மணல் பெருமளவில் அள்ளப்பட்டது. எதிர்ப்புகளுக்குப் பின் 2013-இல் தமிழக அரசு தாதுமணல் எடுப்பதைத் தடை செய்தது. எங்கோ ஒரு பரப்பு வழவழப்பாவதற்கு நம் கரை தேய்ந்தது.

குருந்தச் சாணை முதல் சீரியப் பொடி வரை இவ்வரலாறு ஒன்றையே கூறுகிறது. அராவிப் பெறும் மெருகு ஒரு செலவு. ஒவ்வொரு தேய்ப்பிலும் ஏதோ ஒன்று குறைகிறது. பழைய சாணைக்காரர் இதை அறிந்தவர். கத்தி மழுங்கிய பின்னரே அதைச் சக்கரத்தில் வைப்பார். தேவையான அளவு தீட்டியதும் எடுத்துவிடுவார். காருக்கும் அந்த நிதானமே போதுமானது: நன்றாகக் கழுவுவது அடிக்கடி, மெழுகிடுவது எப்போதாவது, அராவுவது மிக அரிதாக.